பாலர் வகுப்பில் ஒரு சின்ன உலகம்

உங்கள் குழந்தைக்கு ஐந்து வயது என்று வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் கணவருக்குக் கடல் கடந்த ஒரு பட்டணத்தில் உத்தியோகம் ஆகிவிட்டது. மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு போய் இறங்குகிறீர்கள். கடைக்காரன் பேசுவது புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள், நீங்களும் சிரிக்கிறீர்கள், அதற்கு மேல் சம்பாஷணை நகருவதில்லை.

பெரியவர்கள் பாடு எப்படியோ ஓடிவிடும். குழந்தையை என்ன செய்வது? பள்ளிக்கூட வாசலில் உங்கள் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, “அம்மா, நீ போகாதே!” என்று விசும்புகிறது. உள்ளே இருக்கும் உபாத்தியாயினிக்கு அதில் ‘அம்மா’ என்ற ஒரு சொல்தான் ஒருவேளை விளங்கும். மற்றதெல்லாம் அவளுக்கு வெறும் அழுகை!

இந்தச் சங்கடம் புதிதல்ல. நூறு வருஷங்களுக்கு முன்னால் ஸ்விட்ஜர்லாந்தில் உள்ள ஜினிவா நகரத்தில் சில பெற்றோர்களுக்கு இதே கவலை உண்டாயிற்று. அதற்கு அவர்கள் கண்ட வழிதான் ‘சர்வதேசப் பள்ளிக்கூடம்’ என்பது. இன்றைக்கு அந்தப் பெயர்ப் பலகை உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம் தொங்குகிறது. நம் சென்னையிலும் அதற்குப் பஞ்சமில்லை. பலகை இருக்கட்டும், பலகைக்குப் பின்னால் இருக்க வேண்டியது என்ன? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் ஜினிவாவுக்குப் போய்விட்டு, பிறகு நியூயார்க்குக்கும் ஒரு நடை போய் வருவோம், வாருங்கள்.

மர வீட்டில் பிறந்த பள்ளி

முதல் உலக யுத்தம் 1918ல் முடிந்தது. இனிமேல் தேசங்கள் சண்டை போடாமல் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச சங்கம் ஏற்பட்டது. அதற்குத் தலைமை ஸ்தானம் ஜினிவா. தொழிலாளர் நலனைக் கவனிக்கும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் அங்கேயே வந்து சேர்ந்தது. பல தேசத்து உத்தியோகஸ்தர்கள் மனைவி மக்களோடு வந்து இறங்கினார்கள்.

ஜினிவாவில் நல்ல பள்ளிக்கூடங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஜினிவாக் குழந்தைகளுக்காக ஏற்பட்டவை. பாடம் பிரெஞ்சு மொழியில். சரித்திரம் அந்த நாட்டுச் சரித்திரம். மூன்று நான்கு வருஷத்தில் ஊர் திரும்பப் போகிற குழந்தை, அங்கே போய் எந்த வகுப்பில் உட்காரும்? சொந்த நாட்டுப் பரீட்சையை எப்படி எழுதும்? தேசங்களை ஒன்று சேர்க்க வந்தவர்களுக்குத் தங்கள் குழந்தைகளை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை!

அமெரிக்கப் பத்திரிகையாளராக இருந்து சங்கத்தில் உத்தியோகம் ஏற்ற ஆர்தர் ஸ்வீட்ஸர் ஒருவர். சங்கத்தின் சுகாதாரப் பகுதியைக் கவனித்த போலந்து நாட்டு டாக்டர் லுட்விக் ராஜ்க்மன் இன்னொருவர். (பின்னாளில், 1946ல், ஐ.நா. சபையின் குழந்தைகள் நிதியான யூனிசெப் ஏற்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் இதே ராஜ்க்மன்தான்.) இவர்களோடு இரண்டு கல்வியாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் பால் மேயோஃபர். மற்றவர் அடோல்ஃப் ஃபெரியேர். இந்த ஃபெரியேருக்கு வாலிபத்திலேயே காது கேளாமல் போய்விட்டது. ஆனால் குழந்தைகளின் மனசு பேசுவதை அவரைப் போலக் கேட்டவர்கள் குறைவு. குழந்தையை உட்கார வைத்து உருப்போட வைப்பது கல்வியாகாது, தானே செய்து பார்த்துக் கற்பதுதான் கல்வி என்று ஓயாமல் எழுதியவர்.

1924ல் ஃபெரியேர் குடும்பத்தின் தோட்டத்தில் இருந்த ஒரு மர வீட்டில் பள்ளி தொடங்கியது. முதல் நாள் வந்த குழந்தைகளை எண்ண உங்கள் கைவிரல்களே போதும். பத்துப் பேர்கூட இல்லை!

அலகாபாத்திலிருந்து வந்த சிறுமி

இரண்டு வருஷம் கழித்து, நம் நாட்டிலிருந்து ஒரு சிறுமி அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். வயது எட்டு. பெயர் இந்திரா.

தாயார் கமலா நேருவுக்கு க்ஷயரோகம். வைத்தியத்துக்காக ஜவாஹர்லால் நேரு 1926 மார்ச்சில் பம்பாயில் கப்பல் ஏறினார். மனைவிக்கு மருத்துவம் பார்க்க வேண்டும். மகளைப் பள்ளியில் விட வேண்டும். அலகாபாத் ஆனந்த பவனத்தின் ஆரவாரத்தில், போலீஸ் சோதனைகளுக்கும் சிறைவாசங்களுக்கும் நடுவே வளர்ந்த பெண் குழந்தை, பல தேசத்துக் குழந்தைகளோடு ஒரு பெஞ்சியில் போய் உட்கார்ந்தது. அம்மாவோ நோயாளி. பாஷையோ புதிது. அந்தச் சின்ன மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1927 டிசம்பரில் குடும்பம் இந்தியாவுக்குத் திரும்பியது. சிறு வயதில் அங்கே ஒட்டிக்கொண்ட பிரெஞ்சு மொழி இந்திராவுக்குக் கடைசி வரையில் துணை இருந்தது. மறு வருஷம், 1928 கோடையில், மகள் முசூரி மலையில் இருந்தபோது நேரு அவளுக்குக் கடிதங்கள் எழுதினார். பூமி எப்படி உண்டாயிற்று, மனிதர்கள் எப்படித் தோன்றினார்கள், மொழிகள் எப்படிப் பிரிந்தன என்றெல்லாம் எழுதினாரே தவிர, ‘நம் ராஜா, அவர்கள் ராஜா’ என்று தொடங்கவில்லை. ஜினிவாப் பள்ளியின் செல்வாக்கு அது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதே காலத்தில் அதே எண்ணம் ஜினிவாவிலும் ஒரு பெண்மணியின் கையில் பாடமாக உருவெடுக்கப் போகிறது.

படத்தின் நடுவில் எந்த நாடு?

அந்தப் பெண்மணி மரீ தெரேஸ் மோரெட். பிரெஞ்சு மாது. 1929 முதல் 1949 வரையில் இருபது வருஷம் அந்தப் பள்ளியின் தலைமையை வகித்தவர். அவர் கணவர் ஃபெர்னான் மோரெட் பூகோள நிபுணர். சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தில் உயர்ந்த பதவியில் இருந்தவர். பள்ளியும் மர வீட்டை விட்டுப் பெருகி, 1929ல் ‘லா க்ராந்த் புவாஸியேர்’ என்ற பெரிய தோட்டத்துக்குக் குடி வந்துவிட்டது.

நம் வீட்டுக் குழந்தைகளுக்குப் பூகோளம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்? முதலில் நம் தெரு, பிறகு நம் ஊர், ஜில்லா, மாகாணம், தேசம். கடைசியில் நேரம் இருந்தால் உலகம். மோரெட் அம்மையார் இதைத் தலைகீழாகத் திருப்பினார். முதலில் முழு உருண்டை. கடல் எங்கே, மலை எங்கே, மழை எங்கே பெய்கிறது, கோதுமை எங்கே விளைகிறது, நெல் எங்கே விளைகிறது. அதன் பிறகுதான் அவரவர் நாடு.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். சுவரில் மாட்டும் உலகப் படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் அச்சடித்த படத்தில் நடுவில் ஐரோப்பா. அமெரிக்காவில் அச்சடித்ததில் பல சமயம் அமெரிக்காவே நடு நாயகம்; பாவம், ஆசியா இரண்டாகப் பிளந்து இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும்! தினம் அதையே பார்த்து வளரும் குழந்தைக்கு யாரும் சொல்லாமலே ஒரு பாடம் ஏறிவிடுகிறது: ‘நாங்கள் நடுவில், மற்றவர்கள் ஓரத்தில்.’ உருண்டையிலோ நடுவும் இல்லை, ஓரமும் இல்லை. சுற்றிவிட்டால் எல்லோரும் ஒரு முறை முன்னால் வருவார்கள்.

சரித்திரத்துக்கும் அதே வழி. இளம் குழந்தைக்குத் தேசச் சண்டைகளின் கதையைப் புகட்ட வேண்டாம். கொஞ்சம் வயது வந்த பிறகு, ஒரே காலத்தில் சீனாவில் என்ன நடந்தது, இந்தியாவில் என்ன நடந்தது, ரோமில் என்ன நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்பது அவர் அபிப்பிராயம். பிரெஞ்சு, ஆங்கிலம் என்று இரண்டு மொழிகள் பள்ளியில் சரிசமமாக நடமாடின. ஒருவனுக்கு எளிதான மொழி இன்னொருவனுக்குக் கஷ்டம். காலையில் தடுமாறியவன் மாலையில் மற்றவனுக்கு உதவி செய்வான். எந்தக் குழந்தையும் எப்போதும் மட்டியாக இருக்க வேண்டியதில்லை!

1939ல் இரண்டாவது யுத்தம் வந்தது. பள்ளியில் பிள்ளைகளின் தொகை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பள்ளி நடந்தது. யுத்தம் முடிந்தபின், 1948ல், யுனெஸ்கோவுக்காக அம்மையார் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். ‘சமாதானத்துக்கென்று கல்வி முறைகள் உண்டா?’ என்பது அதன் பொருள். பெரிய கேள்விதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேசங்களை ஒன்று சேர்க்க வந்த சர்வதேச சங்கம் 1946ல் கலைந்து மறைந்தது. அதன் உத்தியோகஸ்தர்கள் தங்கள் குழந்தைகளுக்காக ஆரம்பித்த சின்னப் பள்ளியோ நூறு வருஷத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது.

நியூயார்க்கில் ஒரு நர்ஸரி

இனி நியூயார்க். யுத்தத்துக்குப் பின் ஐ.நா. சபை ஏற்பட்டது. ஈஸ்ட் ரிவர் ஓரத்தில் இன்று நிற்கும் கண்ணாடி மாளிகை அப்போது எழும்பவில்லை. நகரத்துக்கு வெளியே ‘லேக் ஸக்ஸஸ்’ என்ற இடத்தில், யுத்தக் கருவிகள் செய்த ஒரு தொழிற்சாலையில் சபையின் அலுவலகம் தற்காலிகமாக நடந்தது.

அங்கேயும் அதே கதை. அப்பாக்களும் அம்மாக்களும் உலக விவகாரம் பார்க்கப் போய்விட்டால், குழந்தைகள்? 1947ல் பெற்றோர்களே கூடி ஒரு நர்ஸரிப் பள்ளி ஆரம்பித்தார்கள். சுமார் இருபது குழந்தைகள். ஐக்கிய நாடுகள் சர்வதேசப் பள்ளி என்று இன்று பெயர் பெற்று, 1973 முதல் ஈஸ்ட் ரிவர் ஓரத்தில் சொந்தக் கட்டடத்தில் நடக்கும் பெரிய பள்ளிக்கு அதுதான் விதை.

பள்ளி கிடைப்பதற்கு முன்னால் வீடு கிடைப்பதே அவர்களில் பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. தோல் நிறத்தைப் பார்த்துக் கதவைச் சாத்திய காலம் அது. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள், ‘இடம் இல்லை’ என்ற பதிலைக் கேட்டு அலைந்தார்கள். ஆகவே நகரத்தின் க்வீன்ஸ் பகுதியில் ‘பார்க்வே வில்லேஜ்’ என்று ஏறக்குறைய எழுநூறு குடித்தனங்கள் கொண்ட குடியிருப்பு ஐ.நா. ஊழியர்களுக்காக எழும்பியது. அங்கே நிறம் கேட்பதில்லை. சர்வதேசப் பள்ளியின் சிறுவர் வகுப்புகளும் அந்தக் குடியிருப்பிலே நடந்தன.

அங்கே குடியிருந்தவர்களில் ஒருவர் ரால்ஃப் பன்ச். நீக்ரோ இனத்தவர் என்று அந்நாளில் ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்களில் பிறந்து, 1950ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்க சர்க்கார் அவருக்கு வாஷிங்டனில் மிக உயர்ந்த பதவி ஒன்றைக் கொடுக்க முன்வந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். காரணம், வாஷிங்டனில் அப்போது இருந்த நிற வேற்றுமை. 1954ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரையில் அந்தத் தலைநகரத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைகளுக்கு வேறொரு பள்ளி! இதோடு ஒப்பிட்டால்தான், எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஒரே மணலில் வீடு கட்டி விளையாடிய அந்தச் சின்ன நர்ஸரியின் அருமை விளங்கும்.

மௌனத்தைக் கண்டு பயப்படாதீர்கள்

சரி, இப்படிப்பட்ட பள்ளியில் சேரும் குழந்தை என்ன செய்யும்? பெரும்பாலும் முதலில் ஒன்றும் பேசாது. வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் வாயே திறக்காது. வீட்டில் வாயாடி, பள்ளியில் ஊமை! பெற்றவளுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அனுபவமுள்ள உபாத்தியாயினிகள் இதற்காகக் கலங்குவதில்லை. குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது; சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது; தயாரானதும் பேசும். ‘பேசு, பேசு’ என்று அதட்டினால்தான் கெடுதல்.

பேச ஆரம்பித்த பிறகு இன்னொரு மயக்கம் வரும். ஒன்றிரண்டு வருஷத்தில் குழந்தை ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளும். ‘அப்பாடா, கற்றுக்கொண்டுவிட்டது!’ என்று நாம் மகிழ்வோம். கானடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ் இந்த விஷயத்தை வெகுகாலம் ஆராய்ந்தவர். விளையாட்டுப் பேச்சுக்குச் சுமார் இரண்டு வருஷம் போதும். ஆனால் அந்த மொழியில் யோசித்து, கணக்கும் விஞ்ஞானமும் படித்து, எழுதிக் காட்ட ஐந்திலிருந்து ஏழு வருஷம் ஆகும் என்று அவர் எடுத்துக் காட்டினார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொன்னார். சொந்த மொழியில் ஆழமாக வேரூன்றிய குழந்தைக்குத்தான் இரண்டாவது மொழி நன்றாகக் கைவரும்.

இங்கேதான், அன்புள்ள சகோதரிகளே, நம்மில் பலர் தவறு செய்கிறோம். பள்ளியில் சேர்த்த மறுநாளே, ‘இனிமேல் வீட்டிலும் ஆங்கிலம்தான்’ என்று சட்டம் போட்டுவிடுகிறோம். நமக்கே சரளமாக வராத மொழியில் குழந்தையைக் கொஞ்சுகிறோம், கோபிக்கிறோம். கதை சொல்ல வார்த்தை கிடைக்காமல் கதையையே நிறுத்திவிடுகிறோம். குழந்தைக்கு நஷ்டம் மொழி மாத்திரமல்ல, பாட்டியும் நஷ்டம். ஊருக்குப் போனால் பாட்டி கேட்பது பேரனுக்குப் புரியாது. பேரன் சொல்வது பாட்டிக்குப் புரியாது. இருவருக்கும் நடுவே நீங்கள் துபாஷி வேலை பார்க்க வேண்டும்!

ஆரம்பப் பள்ளிகளுக்காக 1997ல் சர்வதேச பாக்கலோரியா ஸ்தாபனம் ஒரு பாடத்திட்டம் வெளியிட்டது. (ஜினிவாப் பள்ளியின் ஆசிரியர்கள் போட்ட விதையிலிருந்து 1968ல் முளைத்த ஸ்தாபனம் அது.) மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையில் உள்ள குழந்தைகளுக்கானது. ‘நாம் யார்?’, ‘உலகம் எப்படி இயங்குகிறது?’, ‘பூமியை எல்லோரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?’ என்பன போன்ற ஆறு விஷயங்களைச் சுற்றித்தான் பாடம். ஏழு வயதிலிருந்து இரண்டாவது மொழி ஒன்று அவசியம். தாய்மொழியைக் காப்பாற்றுவதும் பள்ளியின் பொறுப்பு என்பது அதன் கொள்கை.

உதாரணமாக, மத்தியானச் சாப்பாட்டையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு டப்பாவில் தயிர் சாதம், இன்னொன்றில் ரொட்டி, மற்றொன்றில் மீனும் சோறும். நெல் எங்கே விளைகிறது, ரொட்டியை உப்ப வைப்பது எது, உன் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொண்டு போனால், பூகோளம், விஞ்ஞானம், மொழி எல்லாம் டப்பாவுக்குள்ளிருந்தே வந்துவிடும். தயிர் சாதத்தைக் கண்டு மூக்கைச் சுளித்த குழந்தை, அதன் கதையைக் கேட்ட பிறகு ஒரு வாய் கேட்டாலும் கேட்கும்.

பிரிவும் பணமும்

எல்லாம் நன்மையே என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு நெருங்கிய சிநேகிதம் உண்டாகும். வருஷ முடிவில் அந்தச் சிநேகிதியின் அப்பாவுக்கு வேறு தேசத்துக்கு மாற்றல் வரும். அடுத்த வருஷம் இன்னொருத்தி. ரூத் யூஸீம் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியை, தம் கணவரோடும் குழந்தைகளோடும் 1950களில் நம் இந்தியாவுக்கு வந்து, இங்கே வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தார். பெற்றோரின் நாட்டுக்கும் முழுக்கச் சொந்தமில்லாமல், இருக்கும் நாட்டுக்கும் முழுக்கச் சொந்தமில்லாமல், இரண்டுக்கும் நடுவே தங்களுக்கென்று ஓர் உலகம் அமைத்துக்கொள்ளும் இக்குழந்தைகளை ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று குறிப்பிட்டார். ‘உனக்கு எந்த ஊர்?’ என்ற சாதாரணக் கேள்வி இவர்களுக்குக் கடினமான கேள்வி.

இரண்டாவது, பணம். ஐ.நா. உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளத்தின் பெரும் பகுதியைச் சபையே உதவித்தொகையாகக் கொடுக்கும். மற்றவர்களுக்கு அந்த வசதி ஏது? ஊர் ஊராகப் போகும் குழந்தைகளுக்காகப் பிறந்த பள்ளி, இன்று பல நகரங்களில் ஊரை விட்டு நகராத பணக்காரக் குழந்தைகளின் பள்ளியாகிவிட்டது. பல தேசத்துக் குழந்தைகள் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தால் போதுமா? பக்கத்துத் தெருக் காய்கறிக்காரியின் குழந்தைக்கு அந்தப் பெஞ்சியில் இடமில்லை என்றால், அங்கே உலகம் முழுவதும் வந்துவிட்டதாக எப்படிச் சொல்வது?

பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம்

ஆகவே, ‘சர்வதேச’ என்ற பலகை மாட்டிய பள்ளிக்கு உங்கள் குழந்தையை அழைத்துப் போகும்போது, குளிர்சாதன அறையையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மூன்று விஷயங்களை விசாரியுங்கள். பேசாமல் இருக்கும் குழந்தையை இங்கே எப்படி நடத்துகிறார்கள்? வீட்டு மொழியைப் பேசினால் அதட்டுகிறார்களா, ஆதரிக்கிறார்களா? தன்னைப் போல் இல்லாத குழந்தையோடு என் குழந்தை தினம் விளையாட இங்கே வழி உண்டா? இம்மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், பலகையே இல்லாத முனிசிபல் பள்ளிக்கூடம்கூடச் சர்வதேசப் பள்ளிக்கூடம்தான். கிடைக்காவிட்டால், பலகை வெறும் பலகைதான்.

மீதி வேலை உங்களுடையது. பகலெல்லாம் பள்ளியில் உலகத்தைச் சுற்றிவிட்டு மாலையில் உங்கள் குழந்தை வீட்டுக்கு வருகிறது. அதற்கு இறங்க ஒரு துறைமுகம் வேண்டாமா? இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உங்கள் பாட்டி உங்களுக்குச் சொன்ன கதையை, அவள் சொன்ன அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். காக்காயும் நரியும் போதும். நாளைக்குக் காலையில் வாசலில் உங்கள் புடவைத் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே போக, அந்தக் கதை குழந்தைக்குத் தைரியம் கொடுக்கும்.